மழைக்கு ஆகாத சோபா

“இது மழையில நனைஞ்சா என்ன ஆகும்?” என்று கேட்டார் அப்பா.

“நல்ல மழை ரெண்டு தாங்காது சார். பிரம்பு ஊறிப் பிரிஞ்சிடும்,” என்றார் கடைக்காரர் ஒளிக்காமல்.

“அப்ப இதையே குடுத்துடுங்க.”

கூட வந்த பெரியவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவன் காப்பீட்டு ஏஜென்ட். மனுஷனோ மேஜையோ, எத்தனை வருஷம் தாங்கும் என்று பார்த்தே பழகியவன். வீட்டு முன்னால் புல்தரையில் போட ஒரு சோபா வேண்டும் என்று அப்பா சொன்ன நாளிலிருந்து அவனுக்கு வேறு வேலை ஓடவில்லை.

“இரும்புல வாங்குங்கப்பா. உங்க பேரன் காலம் வரைக்கும் அசையாது,” என்றான்.

மாடியில் குடியிருக்கும் சின்னவன் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு இரும்பு என்றாலே ஆகாது. “துருப்பிடிக்கும்ப்பா. வருஷா வருஷம் சுரண்டிப் பெயின்ட் அடிக்கணும். அலுமினியம் வாங்குங்க. ஒத்தைக் கையால தூக்கிடலாம்.”

“பெயின்ட் விக்கிறவனே பெயின்ட் வேணாங்கறான்!” என்று அப்பா கீழே வந்து சொன்னார்.

“அலுமினியம் காத்தடிச்சாப் பறக்கும்னு அவன்கிட்ட சொல்லுங்க,” என்று மேலே அனுப்பினான் பெரியவன்.

பாவம், அப்பாதான் படி ஏறி ஏறி இறங்கினார். அண்ணனும் தம்பியும் பேசி ஒரு வருஷம் ஆகிறது. வைஃபை பாஸ்வேர்டை யார் மாற்றியது என்று ஆரம்பித்த சண்டை. பாஸ்வேர்டு அதற்கப்புறம் எத்தனையோ தடவை மாறிவிட்டது, இவர்கள்தான் மாறவில்லை. ஒரே வாசலில் செருப்பை விட்டாலும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பதில்லை.

“தேக்கு பாருங்க சார். அப்பப்போ எண்ணெய் தடவினாப் போதும், வெயில் மழை எதுக்கும் அசராது,” என்று கடையில் இன்னொன்றைக் காட்டினார் கடைக்காரர்.

“வேணாம்,” என்றார் அப்பா. கனத்த மரச்சட்டத்தில் பிரம்பு பின்னிய அந்த நீள சோபாவின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

“வெளியில போடற சாமானுக்கு மழையே ஆகாதுன்னா எப்படிப்பா?”

“உட்காரப் போறது நானா, நீயா? போய் வண்டியைத் திருப்பி நிறுத்து.”

கக்கத்தில் ஒரு பார்சலோடு வந்து வண்டியில் ஏறினார்.

“என்னப்பா அது?”

“கடைக்காரர் சும்மா குடுத்தார்டா. நீ ரோட்டைப் பாரு.”

அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பெரியவன் முடிவு கட்டிவிட்டான்.

முதல் மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. பெரியவன் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தான். “அந்தப் பக்கம் பிடிங்கப்பா!”

“ஐயோ, இடுப்புடா!” என்று அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். காலையில் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்து வந்த அதே இடுப்பு. ஆனால் குரலுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. “சின்னவனே! சோபா போச்சு, ஓடி வாடா!”

சின்னவன் இறங்கி வந்தான். அண்ணனைப் பார்க்காமலே மறுமுனையைத் தூக்கினான்.

தூக்குவதற்குப் பேச்சு வேண்டாம். வாசல் கதவில் திருப்புவதற்கு வேண்டுமே! இவன் இடப்பக்கம் இழுக்க, அவன் வலப்பக்கம் இழுக்க, சோபா நிலைப்படியில் சிக்கிக்கொண்டது. மழை இரண்டு பேர் தலையிலும் கொட்டியது.

“சாய்ச்சுப் பிடிக்கணும்,” என்றான் பெரியவன், கதவிடம் சொல்வதுபோல.

“எந்தப் பக்கம்?” என்று சோபாவைக் கேட்டான் சின்னவன்.

“உன் பக்கம்தான்டா, மடையா!”

“யார் மடையன்? என் கால் மேல சோபாவை வெச்சுட்டு நிக்கிற நீதான் மடையன்!”

ஒரு வருஷத்துக்கப்புறம் அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

நல்லவேளை, அந்த வருஷம் மழைக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது மழையில் “பார்த்து, பார்த்து” என்ற வார்த்தை வந்தது. அடுத்த மழையில், உள்ளே கொண்டுவந்த சோபாவிலேயே உட்கார்ந்து இருவரும் தலை துவட்டிக்கொண்டார்கள். அப்புறம் சின்னவன் டீ குடித்துவிட்டுத்தான் மாடி ஏறினான். ஒருநாள் பாஸ்வேர்டு என்ன என்று அவனே கேட்டான். பெரியவனே சொன்னான்.

“இரும்பு வாங்கியிருந்தா இந்தத் தலைவலி உண்டா?” என்பான் பெரியவன்.

“அலுமினியம்டா. இவர் எங்க கேட்டார்?” என்பான் சின்னவன்.

அப்பாவைத் திட்டுவதில் அண்ணன் தம்பிக்குள் அப்படி ஒரு ஒற்றுமை. அவரும் திட்டு வாங்கிக்கொண்டு சிரிப்பார்.

மழைக்காலம் முடிந்தது. சின்னவன் இறங்கி வருவதும் குறைந்து, பிறகு நின்றே போயிற்று. வலியப் போய்க் கூப்பிடப் பெரியவனுக்கும் கூச்சம். அப்பா புல்தரையில் சோபாவில் உட்கார்ந்து வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் களையே இல்லை. மழை இல்லையென்றால் பிரம்புக்கு நல்லதுதானே, இவருக்கு என்ன வந்தது என்று பெரியவனுக்குப் புரியவில்லை.

அன்று மத்தியானம் சுத்தியல் தேடி அப்பாவின் அலமாரி உச்சியில் கையை விட்டுத் துழாவினான். அந்தக் கடையின் பார்சல் அகப்பட்டது.

பிரித்தான். அந்தச் சோபாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மழை உறை. ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. கட்டுவதற்கு நாலு மூலையிலும் நாடா. ஒரு நாடாகூடப் பிரிக்கப்படவில்லை.

பெரியவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

உறையைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தான். வெளியே வந்தான். பளீரென்று வெயில். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

மாடியைப் பார்த்துக் கத்தினான்.

“டேய் சின்னவனே! மழை வர்ற மாதிரி இருக்கு. சீக்கிரம் இறங்கி வா, சோபாவைத் தூக்கணும்!”