ரசம் மட்டும் பாக்கி

சௌந்தரவல்லியின் உயிரை எடுக்க வந்தவர் கட்டிலின் கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இவருக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாதுங்க. எல்லாத்தையும் கத்துக்குடுத்துட்டு வந்துடுறேன்" என்று அவள் கேட்டதற்கு, தங்கமான மனிதர், சம்மதித்திருந்தார். கணவர் அருணகிரி கற்றுக்கொண்டதையெல்லாம் போனில் ஒரு செயலியில் குறித்துவந்தார். சிலிண்டர் மாட்டுவது, மாவு அரைப்பது, தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது என்று எல்லாவற்றுக்கும் பச்சை டிக் விழுந்துவிட்டது. ரசம் மட்டும்தான் பாக்கி. வந்தவர் தினமும் போனை எட்டிப் பார்ப்பார். அருணகிரியும் தினமும் ரசத்தில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, 'இன்னும் சரியா வரலை' என்று எழுதிவைப்பார்.

அன்று ஏதோ ஞாபகத்தில் உப்பை அளவாகப் போட்டுவிட்டார். பெருங்காய வாசனை கட்டில்வரைக்கும் வந்தது. அவர் பாத்திரத்தோடு கட்டிலருகே கொண்டுவந்து ஊற்றிக்கொடுத்த ஒரு டம்ளர் ரசத்தையும் சௌந்தரவல்லி சொட்டு விடாமல் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே கரிப்பு. நாளைக்குத் திரும்ப வைங்க."

அருணகிரி அவசரமாகப் போனை எடுத்து அதை எழுதினார். வந்தவர் நாற்காலியைப் பாத்திரத்தின் பக்கம் இழுத்துப் போட்டு, உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

"எங்க, எனக்கு ஒரு கரண்டி ஊத்துங்க, பாப்போம்."