கறுப்புத் திரையில் ஒரு வரி

"என் டைரியைப் படிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தா?" க்ளென் மேஜையில் ஓங்கிக் குத்தினான். காபி சிந்தியது.

"உன் டைரியா?" என்றாள் மனைவி நோரீன்.

"ஆமா! ஒரு வருஷமா தினமும் கம்ப்யூட்டரோட இந்தக் கறுப்புத் திரையில ஒரு வரி அடிச்சு என்டர் தட்டுறேன். அது என்னோடது!"

"கத்தாதே. ரெண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர், டைரியைத் திறக்க அடிக்கிற கமாண்டும் ஒண்ணுதான். நான் ஆரம்பிச்ச டைரியிலதான் நீ எழுதிக்கிட்டிருக்கே. ஒருநாளாவது திருப்பிப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவளே அந்தக் கமாண்டைத் தட்டினாள். பழைய வரிகள் ஓடி வந்து நின்றன.

'மார்ச் 4, காலை 8: மார்பில் கட்டி இருக்கிறது. க்ளெனிடம் சொன்னேன். "ம்" என்றான்.'

'மார்ச் 4, மாலை 7: ஹாக்கியில் ஜெயித்தோம். வீட்டில் விசேஷமாக ஒன்றுமில்லை.'