தட்டில் வந்த டியூப்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் தம்பி இருளப்பன், அவன் மகள் முத்தரசி, அவளுக்குப் பேசிய மாப்பிள்ளை நவநீதன், அவனுடைய தாய் சகுந்தலை. நிச்சயத் தட்டில் பூவுக்கும் வெற்றிலைக்கும் நடுவே ஒரு சன்ஸ்கிரீன் டியூப் இருந்தது.

"கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் வெளுக்கட்டும். இதைப் பூசிக்காம கடல்ல இறங்காதம்மா" என்றாள் சகுந்தலை.

கடலுக்கடியில் பவளம் நட்டு வளர்ப்பது முத்தரசியின் வேலை. டியூபின் பின்பக்கத்தைப் படித்தவள் அதைத் தட்டுக்கு வெளியே வைத்தாள். "அத்தை, இதுல இருக்கிற மருந்து தண்ணியில கரைஞ்சா நான் நட்டதெல்லாம் வெளிறிச் செத்துப்போகும். ஜிங்க் போட்டதுதான் நான் பூசுவேன்."

"அதைப் பூசினா சுண்ணாம்பு அடிச்ச செவுராட்டம் நிப்ப. கடல்ல கிடக்குற பூச்சிக்குப் பார்க்குற, எம் புள்ளை பக்கத்துல கரிக்கட்டையா நிக்கப்போறதைப் பார்க்கல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "தட்டுல வந்ததைத் தள்ளி வைக்கக்கூடாதுன்னு உங்க வீட்ல சொல்லிக் குடுக்கலையா பெரியவரே?"

"குடுத்திருக்கோம். ஒரு பொருளை மட்டும் திருப்புற பழக்கம் எங்களுக்கு இல்ல" என்றேன். டியூபை மறுபடி வெற்றிலை மேல் வைத்து, தட்டையே தூக்கி அவள் மடியில் வைத்தேன். இருளப்பன் என் கையைப் பிடித்தான், உதறினேன். நவநீதன் முத்தரசியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

பெண் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டதாக ஊரில் பேசுகிறார்கள். அவர்களாக எழுந்திருக்கவில்லை. நான் எழுப்பினேன்.