ஒற்றைப் பல்

பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு சட்டைப் பொத்தானும், ஒரு பஸ் டிக்கெட்டும், ஒரு மாத்திரை அட்டையும் கிடந்தன. மூன்றுமே வடிவின் அப்பா விட்டுப்போனவை.

"நம்மளையெல்லாம் ஒட்டி அப்பா முகத்தைச் செய்யப்போறாளாம்" என்றது டிக்கெட்.

"நான் கட்டாயம் இருப்பேன். அந்த ஒத்தைப் பல்லைக் காட்டி அவர் சிரிக்கும்போதெல்லாம் அவர் நெஞ்சில குலுங்கினது நான்தான்" என்ற பொத்தான், அட்டையின் பக்கம் திரும்பியது. "நீ மட்டும் வராதே. உன்னைப் பார்த்தா அவளுக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும்."

அட்டை மறுக்கவில்லை. "அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஒன்பது மாத்திரைக்கும் மகளோட மல்லுக்கு நின்னார். பத்தாவதை நாளைக்குப் போட்டுக்கறேன்னார்."

அந்தப் பத்தாவது இன்னும் அதனிடமே இருந்தது.

வடிவு டப்பாவைத் திறந்தாள். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு முகம் வரைந்தாள். பொத்தான் ஒரு கண்ணாயிற்று. மறு கண் சிமிட்டுகிற மாதிரி பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். டிக்கெட்டைக் கிழித்துப் புருவமாக ஒட்டினாள். மாத்திரை அட்டையை எடுத்தவள், வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பொத்தானுக்கே பாவமாகிவிட்டது.

பிறகு அதில் ஒரு வரிசையை மட்டும் கத்தரித்து, வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டினாள். நான்கு குழிகள் காலி. ஐந்தாவதில் மட்டும் வெள்ளையாக அந்த மாத்திரை.

அப்பா சிரித்தார்.

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வழியா வாயில போட்டுக்கிட்டியாப்பா" என்றாள்.