பாலத்தில் நின்ற வண்டி

என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் பெரியவருக்குப் பிடிக்கவில்லை.

பானட்டைத் திறந்து வைத்து, மெக்கானிக் செபஸ்தியான் ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டினான். கனெக்டர்களைக் கழற்றி மாட்டினான். எர்த் வயரின் முனையைச் சுரண்டித் துடைத்து முறுக்கினான். ஒரு சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் காயிலை எடுத்து இன்னொன்றில் மாட்டினான். குறை காயிலில் இருந்தால் அதனோடு கூடவே இடம் மாறும் என்றான்.

இடம் மாற ஒரு குறையும் இல்லை.

நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை.

"ஆடுது" என்றார்.

"எங்கய்யா ஆடுது? பட்டு மாதிரி ஓடுது. ஊர்ல எல்லாரும் வண்டி சரியில்லன்னு வந்து அழுவாங்க. நீங்க ஒருத்தர்தான் நல்லாருக்குன்னு அழுவுறீங்க."

அவர் சிரிக்கவில்லை.

"சரி பண்ண வேண்டாம். என்ன குறைன்னு கண்டுபிடி. அது போதும்."

ஏன் என்று செபஸ்தியான் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

ஐப்பசி வெள்ளத்தில் அவருடைய மகன் மதியழகனைக் கொள்ளிடத்திலிருந்து எடுத்தார்கள். கார் பாலத்தின் நடுவில் நின்றிருந்தது. ஒரு கீறல் இல்லை.

வண்டி நின்றுபோயிருக்கிறது. என்னவென்று பார்க்க இறங்கியிருக்கிறான். இருட்டில் லாரிக்கு ஒதுங்கியவன் கைப்பிடிச் சுவர் தடுக்கி விழுந்திருக்கிறான். அவர் அப்படித்தான் சொன்னார். பானட் ஏன் மூடியே இருந்தது என்று அவரிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

மருமகள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

கருமாதிப் பந்தலில் சம்பந்தி மட்டும் ஒன்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"வண்டி நல்லாத்தானே இருந்துச்சு?"

பெரியவரின் குடும்பத்தில் யாரும் தானாக உயிரை விட்டதில்லை. பஞ்சத்தில் விட்டதில்லை. வழக்கில் நிலம் போனபோதும் விட்டதில்லை.

இதற்கு முன் பார்த்த பட்டறைகளில் எல்லாம் ஒன்றுமில்லை என்றார்கள். இங்கும் ஒன்றுமில்லை என்றால், சம்பந்தி கேட்டதற்கு அதுதான் பதில்.

செபஸ்தியான் பானட்டைச் சாத்தினான்.

"சூடானாத்தான் சில குறை வெளிய வரும்யா. ரோட்டுல விட்டுப் பாப்போம். நீங்க ஓட்டுங்க. நான் ஸ்கேனர்ல என்ஜின் எப்படி ஓடுதுன்னு பாக்கறேன்."

பட்டறைக்குப் பட்டறை காரை லாரியில் ஏற்றித்தான் கொண்டு வந்திருந்தார்கள். மகனுக்குப் பிறகு அந்த இருக்கையில் அவர்தான் உட்கார்ந்தார்.

இருக்கையை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

கண்ணாடியையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

நல்ல உச்சி வெயில். சாலை காலியாக இருந்தது. செபஸ்தியான் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தான்.

"கல்லக்குடி வாத்தியார் வண்டி இப்படித்தான்யா. திடீர் திடீர்னு மிஸ்ஸிங் அடிச்சு என்ஜின் குலுங்கும். பேய் பிடிச்சிருக்குன்னு வண்டியச் சுத்தி எலுமிச்சம்பழமா கட்டி வச்சிருந்தாரு. பாத்தா, உள்ள எலி ஒயரைக் கடிச்சிருக்கு. குட்டி வேற போட்டிருக்கு."

தன் வண்டியிலும் ஓர் எலி இருந்திருக்கக் கூடாதா என்று அவர் நினைத்தார்.

புளியமரங்கள் முடிந்தன. பாலம் தெரிந்தது.

ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது.

"தெரியுதா?"

"என்னங்கய்யா?"

"ஆடுது."

செபஸ்தியான் திரையைப் பார்த்தான். எல்லா சிலிண்டரும் ஒரே சீர். முன்னால் வைத்திருந்த பாட்டிலைப் பார்த்தான். தண்ணீர் அசையவில்லை.

"இல்லய்யா" என்றான். குரலில் விளையாட்டுப் போயிருந்தது.

நடுக்கம் முழங்கைக்கு ஏறியது. பிறகு தோளுக்கு. பற்கள் ஒன்றோடொன்று தட்டின. அவருக்கு அது நிம்மதியாக இருந்தது.

பாலத்தின் நடுவில் என்ஜின் நின்றது.

வண்டி சத்தமில்லாமல் கொஞ்ச தூரம் உருண்டது. பிறகு அதுவும் இல்லை. கீழே, இன்னும் வடியாத வெள்ளத்தின் இரைச்சல்.

"பாத்தியா! நின்னுடுச்சு. நடுப்பாலத்துல நின்னுடுச்சு, பாத்தியா?"

ஐப்பசிக்குப் பிறகு அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு. இப்போதே சம்பந்தி வீட்டுக்குப் போகலாம். இவனையும் கூட்டிக்கொண்டு போகலாம். உள்ளே போக வேண்டியதில்லை. வாசலில் நின்று சொன்னால் போதும்.

செபஸ்தியான் ஸ்கேனரைப் பார்க்கவில்லை. அவருக்கு முன்னாலிருந்த மீட்டரைப் பார்த்தான். அது இருண்டு கிடந்தது.

"என்ஜின் தானா நின்னா இதுல செவப்பு லைட்டெல்லாம் எரியும்யா."

அவர் புரியாமல் பார்த்தார்.

"வண்டி நிக்கல. நீங்க ஆஃப் பண்ணிட்டீங்க."

சாவி அவருடைய உள்ளங்கையில் இருந்தது.

எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. சீட் பெல்ட் கழன்று தொங்கியது. கதவு திறந்திருந்தது. வலது கால் வெளியே, கைப்பிடிச் சுவரை நோக்கி, கொதிக்கும் பாலத்தின் மேல் ஊன்றியிருந்தது.

இவற்றில் எதையும் அவர் செய்யவில்லை.

செபஸ்தியான் அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தான். கிரீஸ் படிந்த கை. வெள்ளைச் சட்டையில் கறுப்பாக ஒட்டியது. வேறொரு நாளாக இருந்தால் உதறியிருப்பார்.

"வண்டிதான் நின்னுச்சுன்னு சொல்லிடுப்பா" என்றார்.

அவர் இதுவரை யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

"சொல்றேங்கய்யா. யார் கேட்டாலும் சொல்றேன். மொதல்ல அந்தக் காலை உள்ள எடுங்க."

அவர் காலைப் பார்த்தார்.

உள்ளே இழுத்தார்.

அது வரவில்லை.