காலேஜ்காரர்

"சுதந்திரம் வந்து பத்து மாசந்தான் ஆவுது. அதுக்குள்ள பொம்பளப் புள்ளைங்களப் புடிக்க ஊர் ஊரா ஆள் வுட்டுட்டாங்களா?"

கல்லங்குறிச்சிப் பெரிய பண்ணை சிவசுப்பிரமணியன் கேட்ட கேள்வியில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள். பஞ்சநாதன் சிரிக்கவில்லை. கறுப்புக் கோட்டுக்குள் வேர்வை வழிய, கையிலிருந்த கல்லூரி விண்ணப்பம் கசங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை.

"நாளைக்குச் சாயந்திரத்தோட அட்மிஷன் முடியுதுங்க. பாப்பா கணக்குல எண்பத்திரண்டு வாங்கியிருக்கு. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"மார்க்கு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!"

தெரியாமல் என்ன? பெரம்பலூர், அரியலூர் இரண்டு தாலுகாவிலும் இந்த வருஷம் பள்ளி இறுதி வகுப்பு தேறிய ஒன்பது பெண்களின் பெயரும் அவருடைய நோட்டில் இருந்தன. எட்டுப் பெயரை அடித்தாயிற்று. மூன்று பேருக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. நான்கு வீட்டில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ரஞ்சன்குடியில் இன்னொரு வீட்டில் நாயையே அவிழ்த்து விட்டார்கள். அங்கெல்லாம் நாம்தான் சரியாகப் பேசவில்லையோ என்று கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஊர் திரும்பும்போதெல்லாம் மனசுக்குள் குடைச்சல். மிச்சம் இருந்தது இந்த வீட்டுச் சிந்தாமணி ஒருத்திதான்.

"காலேஜு ரயில்ல ஒண்ணேகால் மணி நேரம். வயசுப் பொண்ணத் தனியா அனுப்பச் சொல்றீங்களா?"

"தனியா இல்லீங்க. காலைப் பாசஞ்சர்ல கார்டு பெட்டிக்குப் பக்கத்துலயே பெண்கள் பெட்டி. அரியலூர்ல ஏத்தி வுடுறது என் பொறுப்பு. சாயந்திரம் இறங்கினதும் மாட்டு வண்டியில ஏத்தி வூட்டுக்கு அனுப்புறதும் என் பொறுப்பு. ரயில் லேட்டுன்னா நானே தகவல் சொல்லி அனுப்புறேன்."

"பரவாயில்லையே, காலேஜுல இதுக்கெல்லாமா ஆள் வச்சிருக்காங்க!"

பஞ்சநாதன் விண்ணப்பத்தின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டார்.

"ஆமா, அங்க மொத்தம் எத்தனை பொண்ணுங்க படிக்குது?"

தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம பாப்பாவோட ரெண்டுங்க."

"ரெண்டேதானா? அத்தனை ஆம்பளப் பசங்களுக்கு நடுவுல ரெண்டே பொண்ணா?"

"ஒண்ணுக்கொண்ணு துணையிருக்கும்ங்க. ரெண்டு பேர் இருந்தாத் தனி பெஞ்சு, தனி ரூம். எவனும் கிட்ட வர முடியாது."

"அதெல்லாம் சரி. என் தங்கச்சி மவன் முறை மாப்பிள்ளை இருக்கான். தை பொறந்தாக் கல்யாணம்னு பேச்சு. இவ காலேஜு படிச்சிட்டா அவன் என்ன பண்ணுவான்?"

உள்ளே இருந்து பண்ணையார் மனைவி கிருஷ்ணம்மாளின் குரல் வந்தது. "என்ன பண்ணுவான்? நாலாம் தடவையும் பெயிலாவான். இவ படிச்சாலும் படிக்காட்டியும் அவன் பண்றது அதான்!"

ஆட்கள் மறுபடி சிரித்தார்கள். பண்ணையார் அவர்களை முறைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"காலேஜ்காரரே, சுத்தி வளைக்காம ஒண்ணு கேக்குறேன். ஊரான் வூட்டுப் பொண்ணுக்கு ஆயிரம் நியாயம் சொல்லலாம். உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா அனுப்புவீங்களா?"

"அனுப்புவேங்க."

ஒரே வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அது பண்ணையார் காதிலும் விழுந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

யாரும் கூப்பிடாமலே சிந்தாமணி வெளியே வந்தாள். ஒரு கையில் மைக்கூடு, மறு கையில் பேனா. அப்பா முன்னால் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஆத்தாளும் மவளும் முன்னாடியே பேசி வச்சிட்டீங்களா!" என்று முணுமுணுத்தபடியே பண்ணையார் கையெழுத்துப் போட்டார்.

பஞ்சநாதன் மை காயும்வரை ஊதினார். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்.

"விரலெல்லாம் கறையா இருக்கே. ராவும் பகலும் எழுத்து வேலையோ?"

பஞ்சநாதன் சட்டென்று கையை மடக்கிக்கொண்டார். "எண்ணெய்க் கறைங்க. தேய்ச்சாலும் போவாது."

"எண்ணெயா? வாத்தியார் கையில எண்ணெய் ஏது? ஒரு பொண்ணுக்காக இந்த வெயில்ல இம்மாந் தூரம் நடந்து வந்து மல்லுக்கு நிக்கிறீங்க. காலேஜுல உங்களுக்கு என்ன உத்தியோகம்?"

"காலேஜுல உத்தியோகம் ஒண்ணும் இல்லீங்க. நான் அரியலூர் ஸ்டேஷன்ல ரயிலுக்குத் தண்டவாளம் மாத்தி வுடுற பாயிண்ட்ஸ்மேன். இந்தக் கோட்டு ஸ்டேஷன் மாஸ்டரோடது." சொல்லிக்கொண்டே அவர் கோட்டின் உள்பையைத் துழாவினார். "ஒத்தப் பொண்ணுக்காகத் தனி ரூமும் பெஞ்சும் போட முடியாது, இன்னொரு பொண்ணு கிடைச்சாக் கூட்டிக்கிட்டு வான்னு சொல்லித்தான், போன வருஷம் என் மவ கலியம்மாளைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

மடிப்பெல்லாம் நைந்து போன இன்னொரு விண்ணப்பத்தை வெளியே எடுத்து, மை காய்ந்த விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்தார்.