சந்திரிகா வீட்டுச் சிலிப்பர்

"காளியண்ணன் நம்மளக் காட்டிக் குடுக்கப் போறாருக்கா" என்றாள் அன்பரசி.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நவமணி திரும்பினாள். "என்னத்தப் பாத்த?"

"வேலை முடிஞ்சு வர்றேன், சந்திரிகா வீட்டு வாசல்ல குந்திக்கிட்டு அந்தச் சிலிப்பரத் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. என்னைக் கண்டதும் கீழ வச்சிட்டு நேரா கேட்டுப் பக்கம் போயிட்டாரு."

"போச்சு லா. நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சே" என்றாள் நவமணி.

கோலசிலாங்கூர் பக்கம் இருக்கும் அந்தத் தோட்டம் ஒரு கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஜனங்களுக்கு மாற்று வீடு தருவோம் என்று சொன்ன வாய், விற்ற பிறகு மூடிக்கொண்டது. கேஸ் நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை ஆள் குடியிருக்கும் வீட்டில் கம்பெனி கை வைக்கக் கூடாது. காலியாகக் கிடந்தால் பூட்டுப் போடலாம். பூட்டுப் போட்டால் மாற்று வீடும் கிடையாது. அதைப் பார்க்கத்தான் கம்பெனிக் கணக்குப்பிள்ளையான கிராணி உமாபதி வெள்ளிக்கிழமைதோறும் வந்துவிடுவார்.

சந்திரிகாவுக்கு ரவாங் ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட். அங்கேயே ஹாஸ்டலில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வர முடிகிறது. வேலையை விட்டால் சோறு போகும், வேலைக்குப் போனால் வீடு போகும்.

லயத்து ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. பதாகை பிடித்தார்கள், மகஜர் கொடுத்தார்கள், ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்தார்கள். பேப்பரில் படம் வந்தது, அதோடு சரி.

கடைசியில் அன்பரசிக்குத்தான் அந்த யோசனை வந்தது. வாசலில் சிலிப்பர் கிடந்தால் வீட்டுக்குள் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ரோஸ் கலரில் ஒரு ஜோடி வாங்கி வந்து சந்திரிகா வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட மாதிரி விட்டாள். கிராணியும் பார்த்தார். "நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்குது போல" என்று போய்விட்டார். பதாகை செய்யாததை ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பர் செய்துகொண்டிருந்தது.

அது இப்போது காளியண்ணன் கண்ணில் பட்டுவிட்டது. இதே லயத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், லயத்தார் கேஸ் போட்டதுமே கம்பெனி கேட்டில் ஜாகா என்னும் காவல் வேலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோயில் திருவிழாவில் அவருக்குப் பிரசாதம்கூட யாரும் எடுத்துப் போகவில்லை.

மறுநாள் அன்பரசி லீவு போட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். ராத்திரி கொட்டிய மழையில் லயம் முழுக்கச் சேறு. கிராணியின் கார் உள்ளே நுழைந்தபோதுதான் தன் காலைக் குனிந்து பார்த்தாள். சிலிப்பர் முழுக்கச் சகதி. எல்லார் வீட்டு வாசலிலும் அப்படித்தான் இருக்கும். கோடி வீடான சந்திரிகா வீட்டில் மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரி சேறு படாமல் கிடக்கும்.

எட்டி நடந்து போவதற்குள் கிராணி அங்கே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் காளியண்ணன்.

"இந்த வீட்டுல ஆள் இருக்கா?"

காளியண்ணன் கையை வாசல் பக்கம் நீட்டினார்.

பாவி மனுஷன், கைகாட்டியே கொடுத்துவிட்டாரே என்று அன்பரசி பல்லைக் கடித்தாள்.

கிராணி குனிந்து சிலிப்பரைப் பார்த்தார்.

"ம், இப்பத்தான் வந்து படுத்திருக்கும் போல. சேறுகூடக் காயல" என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

அன்பரசிக்கு ஒன்றும் புரியவில்லை. கார் போனதும் சந்திரிகாவுக்கு ஃபோன் போட்டாள்.

"காலையில வந்துட்டுப் போனியா?"

"இல்லக்கா, இப்பத்தான் ஹாஸ்டலுக்குள்ள நுழையிறேன். ஏங்க்கா, வீட்டுக்கு ஏதும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல. நீ தூங்கு."

வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். ரோஸ் சிலிப்பரில் ஈரச் சேறு. வாசலிலிருந்து குழாயடி வரைக்கும் போய்த் திரும்பிய தடம். சிலிப்பர் தடத்தைத் தாண்டிப் பின்னால் ஒரு பெரிய குதிகாலும் சேற்றில் பதிந்திருந்தது.

கேட்டுக்குப் போனாள். காளியண்ணன் காவல் கொட்டகையில் உட்கார்ந்து, மூடிய தோல் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கால்ல என்னண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. சப்பாத்து கடிச்சிருச்சு."

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் உரிந்து சிவந்திருந்தது. எந்த ஊர்ச் சப்பாத்தும் அந்த இடத்தில் கடிக்காது.

இந்த மனிதருக்கா இத்தனை நாளும் ஒரு வாய்ப் பேச்சுக்கூடக் கொடுக்காமல் இருந்தோம் என்று அன்பரசிக்கு உறுத்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அடுத்த பாசார் மாலாம்ல பெரிய சைஸா ஒரு ஜோடி வாங்கி அங்க வச்சிடுறேன்."

காளியண்ணன் யாரும் கேட்கிறார்களா என்று ரோட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"வைம்மா. ஆனா ரோஸ் கலர் மட்டும் வேணாம்."